பாவன்கணி முதல் சௌஃபுலா வரை: புனேயின் லாவணி மகளிர்

புனே நகரின் வடமேற்கு ஓரத்தில், முளா ஆறு வளைந்தோடும் கரையில், கட்கி படைவீட்டுக்கும் தாபோடிக்கும் இடையே அமைந்த போபோடி, மும்பை நெடுஞ்சாலையும் இருப்புப்பாதையும் 2023இல் திறக்கப்பட்ட மெட்ரோ வழியும் அருகருகே செல்லும் நெருக்கமான குடியிருப்புப் பகுதியாக இன்று விளங்குகிறது. படைவீட்டையும் அதைச் சார்ந்த தொழிற்சாலைகளையும் நம்பி வந்த தமிழ்க் குடும்பங்களும் இவ்வட்டாரத்தில் நெடுங்காலமாக வாழ்ந்துவருகின்றன. இதை அடுத்துள்ள கட்கியின் பெயர் படை வரலாற்றில் இடம்பெற்றது 1817 நவம்பர் 5 அன்றுதான். அன்று பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் பெரும்படை, எண்ணிக்கையில் தன்னைவிடப் பலமடங்கு சிறிய கிழக்கிந்தியக் கம்பெனிப் படையிடம், கட்கிக்கும் கணேஷ்கிண்டுக்கும் இடைப்பட்ட சமவெளியில் பின்வாங்க நேர்ந்தது. பார்வதிக் குன்றின் மேலிருந்து போரைப் பார்த்துக்கொண்டிருந்த பேஷ்வா நகரைவிட்டு வெளியேறினார். நவம்பர் 17 அன்று சனிவார் வாடா அரண்மனையில் கம்பெனிக் கொடி ஏறியது. மராட்டிய அரசியலின் முடிவாகவே இந்நிகழ்ச்சி எழுதப்பட்டுவந்திருக்கிறது. எனினும் போர்க்களத்துக்குத் தெற்கே, நடந்தே போய்ச் சேரக்கூடிய தொலைவிலிருந்த தலைநகரில், ஆடலையும் பாடலையும் தொழிலாகக் கொண்டு வாழ்ந்த மகளிரின் வரலாறும் அந்த நாளோடு திசை மாறிற்று என்பது அதே அளவு கவனத்துக்குரிய செய்தியாகும்.

கலைமகளிர் குடியிருப்பு என்றவுடன் உலகெங்கும் படித்தவர் நினைவுக்கு வருவது ஜப்பானின் கியோட்டோ நகரிலுள்ள கியோன் பகுதி. அங்கே கெய்ஷா எனப்படும் கலைமகளிர் தங்கிப் பயிலும் இல்லம் ஒகியா என்றும், அவர்கள் விருந்தினர் முன் ஆடிப் பாடும் தேநீர் மனை ஒசாயா என்றும், இவை நிறைந்த தெருக்கள் ஹனமாச்சி என்றும் வழங்குகின்றன. யார் எங்கே எத்தனை நாழிகை நிகழ்த்தினார் என்பதைக் குறித்துக் கணக்குத் தீர்க்கும் பதிவகங்கள் அத்தெருக்களிலேயே இயங்கிவந்தன. பேஷ்வா காலப் புனேயிலும் இதற்கு நெருங்கிய உறவுடைய ஒரு வாழ்க்கைமுறை இருந்தது. இரண்டுக்கும் நேர்ந்த கதி முற்றிலும் வேறாக அமைந்ததற்குக் காரணங்கள் உண்டு. அக்காரணங்களைத் தேடும்போது புனேயின் சமூக அமைப்பும் தமிழகத்தின் தஞ்சாவூரும் ஒருங்கே கண்ணில் படுகின்றன.

பதினெட்டாம் நூற்றாண்டின் புனே பேட்டைகளால் வளர்ந்த நகரம். 1732இல் சனிவார் வாடா கட்டி முடிக்கப்பட்ட பின், கிழமைகளின் பெயர் தாங்கிய பேட்டைகள் அதைச் சூழ வளர்ந்து விரிந்தன. வடக்கே தில்லி வரையும் தெற்கே காவிரி வரையும் சென்று திரும்பிய படைகளோடு பொருளும், பொருளோடு வணிகரும், வணிகரோடு கலைஞரும் வந்து சேர்ந்தனர். ஆடல்பாடலில் தேர்ந்த மகளிரைக் கலாவந்தீண் என்றும் நாயகீண் என்றும் மராத்தியர் குறிப்பிட்டனர். பெருங்குடும்பங்களின் உள்மனையோடு இணைக்கப்பட்டுப் பராமரிக்கப்பட்டவர்கள் நாடகசாலை என்னும் பெயரால் அறியப்பட்டனர். இவர்களுட் பலர் குடியிருந்த இடமாகப் புனேயில் பெயர்பெற்றது பாவன்கணி. ஐம்பத்திரண்டு கணங்கள், அதாவது தூண்களுக்கிடையே அமைந்த அறைப் பகுதிகள், கொண்ட கட்டடம் என்பது அதன் பொருள். சர்தார்களும் வட்டிக்கடைக்காரர்களும் மாலைப் பொழுதைக் கழித்த இடமாக அது பேசப்பட்டதால், காலப்போக்கில் அப்பெயரே இழிசொல் போல மராத்திப் பேச்சில் ஒட்டிக்கொண்டது. அங்கே வாழ்ந்த பெண்களின் இசைப் பயிற்சியையும் மனப்பாடத் திறனையும் அந்தச் சொல் சிறிதும் காட்டுவதில்லை.

அவர்கள் பாடியது பெரும்பாலும் லாவணி. டோல்கி என்னும் இருமுக மேளத்தின் விரைந்த நடைக்கு இசைந்து, துண்துணே என்னும் ஒற்றை நரம்புக் கருவியும் மஞ்ஜீரத் தாளமும் துணைநிற்க, பெண்ணின் ஆசை, ஊடல், பிரிவு, ஏளனம் ஆகியவற்றைப் பெண் குரலிலேயே சொல்லும் மராத்திப் பாடல் வடிவம் இது. அரிதாகத் தத்துவப் பொருளும் இதில் பாடப்பட்டதுண்டு. பாடல்களை இயற்றியவர்கள் ஷாஹிர் எனப்பட்ட பாவலர்கள். சங்கம்னேரில் பிறந்த அனந்த ஃபந்தி, சோலாப்பூர்ப் பிராமணரான ராம் ஜோஷி, ஜேஜுரியைச் சேர்ந்த இசுலாமியரான சகன் பாவு, பால் வணிகக் குலத்தவரான ஹோனாஜியும் அவருடைய தோழர் பாளாவும், பிரபாகர், பரசுராம் எனப் பல குலத்தவரும் கலந்திருந்த அணி அது. சாதிக் கட்டுப்பாட்டுக்குப் பேர்போன பேஷ்வா ஆட்சியில், அதுவும் அதன் கடைசி இரு தலைமுறைக் காலத்தில், இத்தகைய கலப்பு நிகழ்ந்தது வியப்புக்குரியதே. இசைக்கூடத்தில் தளர்ந்த கட்டுப்பாடு தெருவில் தளரவில்லை என்பதையும் உடன் சொல்லியாக வேண்டும்.

ஷாஹிர்களின் தமாஷா என்னும் மேடை வடிவமும் மகளிரின் லாவணியும் ஒன்றல்ல. தமாஷாவில் கணபதி வாழ்த்தாகிய கண், கண்ணனும் இடைச்சியரும் வழக்காடும் கவளண், நகைப்புரை, லாவணி, இறுதியில் வக் என்னும் கதைநாடகம் ஆகியவை வரிசையாக வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை அதில் பெண் வேடம் கட்டி ஆடியவர்கள் இளைஞர்களே. மகளிரின் லாவணியோ பைடக் எனப்படும் அமர்வில், விரிப்பில் உட்கார்ந்தபடியே நிகழ்ந்தது. பாடகி ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடி, ஒவ்வொரு முறையும் கண்ணாலும் புருவத்தாலும் விரலாலும் அதற்கு வேறு வேறு பொருள் காட்டுவாள். முந்தானையைச் சற்றே இழுத்துப் பிடிப்பதும் பார்வையைத் தாழ்த்துவதும் அங்கே முழுச் சொற்றொடர்களாகிவிடும். அதாகாரி என்று மராத்தியர் அழைக்கும் இந்நுட்பத்தைத் தமிழ் வாசகர் எளிதில் இனங்காணலாம். பதத்துக்கு அபிநயம் பிடிக்கும் நம் மரபும் இதே அடித்தளத்தின் மேல் நிற்பதாகும். இந்த நுட்பத்தை வளர்த்தவர்கள் பெண்கள். ஆனால் பெயரோடு நினைக்கப்படுபவர்கள் பாடல் எழுதிய ஆடவர்களே. ராம் ஜோஷியின் வாழ்க்கைக் கதையில் பயா என்னும் ஆடல்மகள் இடம்பெறுவது போன்ற ஓரிரு விதிவிலக்குகள் நீங்கலாக, பேஷ்வா காலத்துப் பாடகியரின் பெயர்கள் மக்கள் நினைவில் தங்கவில்லை. கலை வரலாற்றுக்கு இதனினும் பெரிய இழப்பு இருக்க முடியாது.

இரண்டாம் பாஜிராவ் 1818இல் சரணடைந்து, ஆண்டுக்கு எட்டு லட்சம் ரூபாய் ஓய்வூதியத்தோடு கங்கைக் கரையிலுள்ள பிட்டூருக்கு அனுப்பப்பட்டபோது, புனேயின் கலைஞர்களுக்குக் கொடையளித்த மிகப் பெரிய கை ஒரே நாளில் அகன்றது. இங்கே ஒரு வேறுபாட்டை நிறுத்தி நோக்குவது பயனுடையது. பேஷ்வாக்கள் பிராமண அறிஞர்களுக்கு ஆண்டுதோறும் வழங்கிய தட்சிணைப் பொருளைப் புதிய ஆட்சியாளர்கள் அடியோடு நிறுத்திவிடவில்லை. கம்பெனியின் பம்பாய் ஆளுநர் எல்பின்ஸ்டனும் அவருடைய அலுவலர்களும் அதில் ஒரு பகுதியைத் திருப்பி, பாஜிராவ் வாழ்ந்த விஸ்ராம்பாக் வாடாவிலேயே 1821இல் சமஸ்கிருதக் கல்லூரி ஒன்றைத் திறந்தனர். பின்னாளைய டெக்கான் கல்லூரியின் வேர் அதுதான். ஆக, அரண்மனைக் கொடையில் வாழ்ந்த ஒரு மரபு நிறுவனமாக உருமாறி நிலைத்தது; அதே கொடையில் வாழ்ந்த இன்னொரு மரபுக்கு, கற்றுக்கொடுக்கவும் கணக்கு வைக்கவும் ஒரு கூரைகூடக் கிடைக்கவில்லை. சனிவார் வாடாவே 1828இல் தீக்கிரையாகிக் கல் அடித்தளமும் மதிலும் மட்டும் எஞ்சின.

ஆட்சி மாற்றத்தின் இரண்டாவது விளைவு போபோடிக்கு மிக அருகில் உருவெடுத்தது. போர் நடந்த இடத்தை ஒட்டிக் கட்கியில் படைவீடு நிலைகொண்டது. புனேயின் கிழக்கேயும் பெரிய படைவீடு எழுந்தது. 1864ஆம் ஆண்டின் படைவீட்டுச் சட்டமும் 1868ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டமும், சிப்பாய்களின் உடல்நலத்தைக் காப்பதென்ற பெயரில், படைவீட்டுக் கடைவீதிகளிலிருந்த பெண்களைப் பதிவு செய்யவும், மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தவும், நோய் கண்டால் பூட்டிய மருத்துவமனைகளில் அடைத்துவைக்கவும் அதிகாரம் தந்தன. 1888இல் தொற்றுநோய்ச் சட்டம் நீக்கப்பட்டது. ஆனால் இருபது ஆண்டுகளில் அது விட்டுச்சென்ற பார்வை நீங்கவில்லை. பாடகி, ஆடல்மகள், கோவிலுக்கு நேர்ந்துவிடப்பட்டவள், ஒரே புரவலரோடு வாழ்பவள், உடலை விற்கும் வறுமைக்குத் தள்ளப்பட்டவள் ஆகிய வேறு வேறு நிலையினரை ஒரே பட்டியலில் அடைத்த அலுவலக வழக்கத்தைப் பின்னர் வந்த சீர்திருத்தக்காரர்களும் கேள்வி கேளாமல் ஏற்றனர். 1890களில் சென்னையில் கிளம்பிய நாட்டிய எதிர்ப்பு இயக்கத்தின் சொற்களிலும் இந்தக் குழப்பம் தெளிவாகத் தெரிகிறது.

புரவலர்களை இழந்த லாவணி நகரத்தைவிட்டுக் கிராமச் சாலைகளுக்கு இறங்கியது. அங்கே அதை ஏந்திக்கொண்டவர்கள் மஹார், மாங், கோல்ஹாட்டி முதலிய, சாதி அடுக்கின் அடித்தட்டில் வைக்கப்பட்ட சமூகத்தார். தமாஷாக் குழுக்கள் அறுவடை முடிந்தபின் ஊர்த் திருவிழாக்களுக்கும், மழைக்காலத்தில் மும்பையின் ஆலைத்தொழிலாளர் பகுதிகளுக்குமாக மாறி மாறிப் பயணம் செய்தன. இக்காலத்தின் பெரும் பெயர் பட்டே பாபுராவ். 1866இல் இன்றைய சாங்லி மாவட்டத்தின் ரேட்டரே ஊரில் பிராமணக் குடும்பத்தில் ஸ்ரீதர் கிருஷ்ணாஜி குல்கர்ணியாகப் பிறந்த அவர், சாதியைத் துறந்து தமாஷாவில் சேர்ந்து, மஹார் குலத்துப் பவளாபாயோடு இணைந்து மேடையேறினார். தமாஷாவில் இளைஞர்கள் கட்டிவந்த பெண் வேடத்துக்குப் பதிலாகப் பெண்ணே புகழோடு நின்ற தொடக்கம் பவளாவிடமிருந்து கணக்கிடப்படுகிறது. பாபுராவ் 1945இல் புனேயில் வறுமையில் இறந்தார். தீண்டாமை எதிர்ப்புப் போராட்டத்துக்காக அவர் தர முன்வந்த நிதியை அம்பேத்கர் ஏற்க மறுத்தார் என்ற செய்தி மகாராஷ்டிரத்தில் நன்கு அறியப்பட்டது. ஒடுக்கப்பட்ட பெண்கள் ஆடி ஈட்டிய பணம் அந்த இயக்கத்துக்கு வேண்டாம் என்பதே அவர் தந்த காரணம். 1936 ஜூனில் மும்பையில் முரளிகள், ஜோக்தீண்கள் முதலியோர் கூடிய கூட்டத்திலும், அத்தொழிலை விட்டு வெளியேறும்படி அவர் நேராகவே வற்புறுத்தினார். முரளி என்பவள் ஜேஜுரியின் கண்டோபா தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்ட பெண்; ஜோக்தீண் எல்லம்மாவுக்கு நேர்ந்துவிடப்பட்டவள். கலையின் அழகைப் போற்றுவோருக்கு அம்பேத்கரின் கண்டிப்பு கடுமையாகத் தோன்றலாம். ஆனால் அந்த அழகுக்கு விலை கொடுத்தது யார் என்னும் கேள்வியை நேராக எழுப்பியவர் அவர், அக்கேள்விக்கு இன்றுவரை நிறைவான மறுமொழி கிடைத்ததாகவும் சொல்ல முடியாது. புனேயின் எரவாடாவில் வளர்ந்த வரலாற்றாசிரியர் ஷைலஜா பைக் 2022இல் வெளியிட்ட நூலில் தமாஷாப் பெண்களின் சாதியையும் மானத்தையும் மையத்தில் வைத்து இவ்வரலாற்றை மீண்டும் எழுதியிருப்பது இக்காரணத்தால் மதிப்புமிக்கது.

பைடக் மரபின் நேர் வாரிசாக வளர்ந்தது சங்கீத் பாரி. டோல்கி ஃபட் எனப்படும் பெரிய தமாஷாக் குழுவில் நடிகரும் கதையும் கூடாரமும் லாரிகளும் உண்டு. சங்கீத் பாரியிலோ ஒரு சில ஆடல்மகளிரும், ஆர்மோனியம், டோல்கி, தபேலா வாசிப்போரும் மட்டுமே, மாலகீண் என்னும் தலைவியின் கீழ் ஒரு குழுவாக வாழ்வர். அத்தலைவி பெரும்பாலும் முன்னாள் ஆடல்மகளே. புனேயிலிருந்து சோலாப்பூர் செல்லும் நெடுஞ்சாலையில் தவுண்ட் வட்டத்திலுள்ள சௌஃபுலா இத்தகைய குழுக்களின் கலாகேந்திரங்களுக்குப் பேர்போனது. பழைய நகரத்துக்குள் ஆர்யபூஷண் அரங்கு அதே பணியைச் செய்துவந்தது. ஒரு கலாகேந்திரத்தில் பல குழுக்கள் தங்கியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி அறையுண்டு, அந்த அறையே வீடும் ஒப்பனைக்கூடமும் பயிற்சிக்களமும் ஆகும். மாலையில் ஒன்பது கசச் சேலையைக் காலிடுக்கில் வாரிக் கட்டி, நூற்றுக்கணக்கான மணிகள் கோத்த சதங்கையைக் கணுக்காலிலிருந்து மேலாகச் சுற்றிக்கொண்டு, முறை வரும்போது பெண்கள் பொது மேடையேறிப் பார்வையாளருக்கு வணக்கம் செய்து ஆடத் தொடங்குவர். விரும்பிய பாடலைக் கேட்கும் பார்வையாளர் பணத்தை நீட்ட, அதை வாங்கிக்கொண்டு அவர் கேட்டதைப் பாடும் முறைக்கு தௌலத்ஜாதா என்று பெயர். நுழைவுச்சீட்டு வருவாய் அரங்க உரிமையாளருக்கும் குழுவுக்குமாகப் பிரிகிறது. மேடை முடிந்தபின், பொருளும் சுவையும் உள்ளவர்கள் தனி அறையில் பைடக் கேட்பதுண்டு. பழைய லாவணிகளின் மெதுநடைப் பாடங்கள் இன்றும் உயிரோடிருப்பது இந்த அறைகளில்தான், திரைப்பாட்டு முழங்கும் மேடையில் அல்ல. பூஷண் கோர்காவ்கர் 2014இல் மராத்தியில் எழுதிய நூலும், சாவித்ரி மேதாத்துல் எடுத்த ஆவணப்படமும் இந்த உள்வாழ்க்கையை மரியாதையோடு பதிவு செய்துள்ளன.

சங்கீத் பாரியின் பெண்களில் மிகப் பலர் கோல்ஹாட்டி குலத்தவர். கழைக்கூத்தும் உடற்சாகசமும் இவர்களின் பழைய தொழில். ஆடலுக்கு வரும் பெண் மணம் செய்துகொள்ளக் கூடாதென்பது அக்குல வழக்கம். பருவமடைந்தபின் சீரா உதர்ணே என்னும் சடங்கின் வழி அவள் ஒரு புரவலரோடு இணைக்கப்படுவாள். அதற்கு அவர் தரும் பொருள் குடும்பத்தைச் சேரும். பிறக்கும் குழந்தைகளுக்குத் தந்தை பெயர் கிடையாது. உடன்பிறந்த ஆடவர்கள் அவள் வருவாயில் உண்டு, தங்கள் மனைவியரை மட்டும் வீட்டுக்குள் மரியாதையாக வைத்துக்கொள்வர். ஜப்பானில் மாய்கோ எனப்படும் பயிற்சிநிலைப் பெண்ணுக்கு முற்காலத்தில் நடத்தப்பட்ட மிசுவாகே சடங்கும், தன்னா என்னும் நிலையான புரவலரும் இதற்கு இணையாகத் தோன்றினாலும், அங்கே ஒகியாவுக்குள் கடனாலும் ஒப்பந்தத்தாலும் வந்த கட்டு, இங்கே பிறப்பாலேயே வந்தது. ஒப்பந்தம் முடிவுக்கு வரக்கூடும், பிறப்புக்கு முடிவுநாள் கிடையாது. தாயின் பெயரைத் தன் பெயரோடு வெளிப்படையாகச் சேர்த்துக்கொண்டு மருத்துவம் படித்த கிஷோர் சாந்தாபாய் காளே, 1994இல் வெளியிட்ட தன்வரலாற்றில் இந்த ஏற்பாட்டின் கொடுமையைச் சொந்தக் குடும்பத்தின் வாயிலாகவே விவரித்தார். அந்நூலைப் படித்தவர் எவரும் லாவணியைப் பண்டைய பெருமையாக மட்டும் பேசிவிட்டு நகர முடியாது.

மராட்டியரின் இக்கலை தெற்கே வந்த கதை தமிழருக்கு நெருக்கமானது. 1670களில் வெங்கோஜியோடு தொடங்கி 1855 வரை தஞ்சாவூரை ஆண்ட மராட்டிய மன்னர்களின் அரண்மனையிலும் நாடகசாலை மகளிர் இருந்தனர். அவர்களுக்கென கல்யாண மகால், மங்கள விலாசம் ஆகிய மனைகள் அமைந்தன. பிரதாபசிம்மர் அவையில் தெலுங்கில் காவியம் இயற்றிய முத்துப்பழனி இம்மரபில் வந்தவர். அவருடைய நூலை 1910இல் மீட்டுப் பதிப்பித்த பெங்களூர் நாகரத்தினம்மாளும் அதே மரபினர். இரண்டாம் சரபோஜியின் அவையில் நாட்டிய உருப்படிகள் மராத்தியிலும் எழுந்தன. பொன்னையா முதலிய தஞ்சை நால்வர் பயிற்றிய அவையும் அதுவே. லாவணியும் அவ்வழியே வந்து தமிழ் மண்ணில் வேறு உருக்கொண்டது. மகாராஷ்டிரத்தில் சக்தியை உயர்த்தும் கல்கி அணியும் சிவனை உயர்த்தும் துரா அணியும் பாட்டால் வழக்காடும் வழக்கமுண்டு. சோழமண்டலத்தில் அது காமன் பண்டிகையோடு சேர்ந்து, மன்மதன் எரிந்தான் என்னும் எரிந்த கட்சியும் எரியவில்லை என்னும் எரியாத கட்சியும் டேப்பும் துந்தனாவும் கொண்டு விடியவிடியப் பாடும் போட்டியாயிற்று. இங்கே வழக்காடும் பாட்டு மட்டும் வேரூன்றியது; பெண்ணின் அமர்ந்த அபிநயப் பாட்டு தனியே வந்து குடியேறவில்லை, அந்த இடத்தைப் பதமும் ஜாவளியும் முன்பே நிறைத்திருந்தன. மறுதிசையில், பரோடாவின் சாயாஜிராவ் கெய்க்வாட் 1880இல் தஞ்சை அரச மகளை மணந்தபோது கௌரா, காந்திமதி என்னும் ஆடல்மகளிரும் நட்டுவனார்களும் சீரோடு சீராக அங்கே அனுப்பப்பட்டனர். மனிதரைச் சீர்வரிசையில் சேர்த்த அந்த ஏற்பாட்டால்தான் தஞ்சையின் சதிர் மேற்கிந்தியாவில் வேர்பிடித்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, கியோட்டோ, தஞ்சாவூர், புனே ஆகிய மூன்று இடங்களும் ஒரே வினாவுக்கு முகங்கொடுத்தன: பெண்ணைக் கட்டிவைத்த அமைப்பு கலைந்தால் அவள் காத்த கலை என்னவாகும்? ஜப்பானிய அரசு 1872இல் ஒப்பந்தத்தில் சிக்கிய கெய்ஷாக்களையும் பிறரையும் விடுவிக்கும் ஆணை பிறப்பித்தது. அதே ஆண்டில் கியோட்டோவின் கண்காட்சியை ஒட்டி மியாகோ ஓதோரி என்னும் பொது நடனவிழா தொடங்கப்பட்டது, கலை கற்பிக்கும் பள்ளியும் தெருவிலேயே அமைந்தது. 1956இன் சட்டம் விபச்சாரத்தைத் தடைசெய்தபோது கலைமகளிர் அதிலிருந்து பிரிந்து நிற்க அந்த அடித்தளம் உதவியது. 1976இல் கியோன் ஷின்பாஷியின் மரவீடுகளும் பாதுகாப்புப் பகுதியாக்கப்பட்டன. தமிழகத்தில் முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் நெடுநாள் போராடிய பின் 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. கலை பரதநாட்டியம் என்னும் பெயரில் மேல்சாதி வீடுகளுக்கும் கல்விநிலையங்களுக்கும் சென்று சேர்ந்தது, பாலசரஸ்வதி போன்ற வெகுசிலர் நீங்கலாக மரபுக் குடும்பத்துப் பெண்கள் மேடையை இழந்தனர். பம்பாய் மாகாணம் 1934இலேயே தேவதாசிப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது, ஆனால் கோவில் சாராத லாவணி மகளிரை அது தொடவில்லை. ஆகவே புனேயில் கலை கைமாறவும் இல்லை, காக்கப்படவும் இல்லை. அதே சாதிப் பெண்களிடம், அதே நிபந்தனைகளோடு தங்கிற்று. லாவணியின் பழைய அடவும் அதாகாரியும் பெரிதும் சிதையாமல் கிடைப்பதும், அதைக் காத்தவர்கள் தலைமுறை தலைமுறையாக அவமதிப்பில் வாழ்ந்ததும் ஒரே காரணத்தின் இரு விளைவுகள்.

புனேயிலேயே வேறு வழி தேடியவர்களும் உண்டு. இந்துஸ்தானிப் பாடகர் அப்துல் கரீம் கானின் மகளான ஹீராபாய் பரோடேகர், பெண் பாடகி நுழைவுச்சீட்டு வாங்கிய பொது அவையினர் முன் அமர்ந்து கச்சேரி செய்யலாம் என்பதை நிலைநாட்டி, கயால் பாட்டைத் தனி மாளிகைகளிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவந்தார். லாவணிக்கு அந்த மதிப்பு எட்டவில்லை. நாடு விடுதலை பெற்ற காலத்தில் பம்பாய் அரசு தமாஷாவை ஆபாசமெனத் தடைசெய்தது; பின்னர் தணிக்கைக்கு உட்பட்டுத் தடை தளர்ந்தது. அதே காலத்தில் திரைப்படம் லாவணியைத் தாராளமாக எடுத்துக்கொண்டது என்பது கசப்பான முரண். 1947இல் ராம் ஜோஷியைப் பற்றியும் 1951இல் ஹோனாஜியைப் பற்றியும் வி. சாந்தாராமின் நிறுவனம் படமெடுத்தது. கலாவந்தக் குடும்பத்தில் பிறந்த ஹன்சா வாட்கர் முதற்படத்தில் பயாவாக நடித்து, 1959இன் சாங்த்யே ஐகா படத்தில் தமாஷாக்காரியாக வாழ்ந்து, அப்படப் பெயரையே தன் வாழ்க்கை வரலாற்று நூலுக்கும் இட்டார். ஒலிநாடாக்களில் சுலோசனா சவாண் பாடிய லாவணிகள் ஊர்தோறும் ஒலித்தன. 2022இல் பத்மஸ்ரீ பெற்ற அவர் அதே ஆண்டு டிசம்பரில் மறைந்தார். திரையில் லாவணியைக் கண்டு களித்த குடும்பங்கள் அதே பாடலைச் சௌஃபுலாவில் பாடிய பெண்ணைத் தங்கள் தெருவில் குடிவைக்கச் சம்மதித்திருக்கமாட்டா.

புனே மாவட்டத்தின் வடக்கே, நாசிக் சாலையிலுள்ள நாராயண்காவ், டோல்கி ஃபட் தமாஷாவின் சந்தையாக விளங்குகிறது. குடி பாட்வா என்னும் மராத்திப் புத்தாண்டை ஒட்டி அங்கே ராஹுட்டி எனப்படும் தற்காலிகக் குடில்கள் வரிசையாக எழும். ஒவ்வொரு குழுவும் தன் பெயர்ப்பலகையோடும் தேதிக் குறிப்பேட்டோடும் அமர்ந்திருக்கும். கிராமத் திருவிழாக் குழுவினர் கூட்டமாக வந்து, எந்த இரவு, எத்தனை கலைஞர், என்ன தொகை என்று பேரம் பேசி முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் எழுதிக்கொண்டு போவார்கள். இவ்வூரின் பெயரைத் தன் பெயராகக் கொண்ட விட்டாபாய் பாவு மாங் நாராயண்காவ்கர், தமாஷாவின் பேரரசி என்று போற்றப்பட்டவர். நிறைமாதக் கர்ப்பிணியாக ஆடிக்கொண்டிருந்தபோது வலி கண்டு, மேடைக்குப் பின்னே பிள்ளை பெற்று, மீண்டும் மேடையேறினார் என்ற செய்தி மகாராஷ்டிரம் முழுவதும் பெருமையாகச் சொல்லப்படுகிறது. ஆட்டத்தை நிறுத்தினால் அன்றைய கூலி இல்லை, கூட்டமும் கலவரப்படும் என்னும் நிலைமை அந்தப் பெருமைக்குப் பின்னால் நிற்பதை மறந்துவிட்டு அதைச் சொல்வது முறையன்று. குடியரசுத் தலைவரின் விருதுகள் பெற்றும் முதுமையில் பணமுடையில் வாடிய அவர் 2002 ஜனவரியில் இறந்தார். அதன்பின் மாநில அரசு அவர் பெயரில் வாழ்நாள் சாதனை விருது ஒன்றை ஏற்படுத்தியது. பைடக் லாவணியின் பெரும் பாடகியான, வாயி ஊரின் யமுனாபாய் வாய்க்கருக்கு 1977இல் சங்கீத நாடக அகாதெமி விருதும், தொண்ணூற்றாறு வயதில் பத்மஸ்ரீயும் கிடைத்தன. அவர் 2018இல் நூறு வயதைக் கடந்து மறைந்தார்.

1968இல் திறக்கப்பட்ட புனேயின் பாலகந்தர்வ ரங்க மந்திரத்தில் இப்போது லாவணி நிகழ்ச்சிகள் குடும்பத்தோடு பார்க்கப்படுகின்றன. பெண்களுக்கு மட்டுமான காட்சிகளும் நடக்கின்றன, அவற்றில் பார்வையாளர் எழுந்து சீட்டியடித்து உடன் ஆடுவதுண்டு. சோலாப்பூர் மாவட்டத்து அக்லூஜில் 1990களில் தொடங்கிய லாவணிப் போட்டி சங்கீத் பாரிக் குழுக்களுக்கு ஆபாசமற்ற, நடுவர் முன் நிற்கும் மேடையைத் தந்தது. இவை நல்ல மாற்றங்களே. ஆயினும் 2020, 2021ஆம் ஆண்டுகளில் பெருந்தொற்றால் ஊர்த் திருவிழாக்கள் நின்றபோது, முன்பணம் கடனாக மாறிக் குழுக்கள் கலைந்தன. வட்டிக்கு வாங்கி அடுத்த பருவத்தைத் தொடங்கும் தொழில் இரண்டு பருவங்களின் இழப்பைத் தாங்கும் வலுவுடையதன்று. கலாகேந்திரத்துப் பெண்களில் பலர் இன்று மகள்களைத் தொலைவிலுள்ள விடுதிப் பள்ளிகளில் சேர்த்து, தாயின் தொழிலைச் சொல்லாமலே படிக்கவைக்கின்றனர். அம்மகள்கள் ஆடாமல் போவார்களானால் அது அவர்களுடைய உரிமை. மூத்த பாடகியர் நினைவில் வைத்திருக்கும் பைடக் பாடங்களோ, எந்தச் சாதியில் பிறந்தவராயினும் விரும்பி வந்து கட்டணம் கொடுத்துக் கற்கும் மாணவரையும், அப்பாடகியருக்கு ஆசிரியர் என்னும் பெயரையும் ஓய்வூதியத்தையும் தரும் பள்ளியையும் வேண்டி நிற்கின்றன; 1821இல் விஸ்ராம்பாக் வாடாவில் இன்னொரு மரபுக்குக் கிடைத்தது அத்தகைய ஒரு கூரைதான்.